பொம்பளைங்க லைன்

இருந்த வீட்ட ஏன் காலி பண்றேன்னு கேக்குறீங்க. கேக்கத்தானம்மா செய்வீங்க. வீடு விடுறவங்க கேக்கணும். நான் வந்து நின்ன உடனே நீங்க முதல்ல என் சைக்கிளத்தான் பாத்தீங்க, அப்புறந்தான் என்னையப் பாத்தீங்க. தப்பாச் சொல்லல. எல்லாரும் அப்படித்தான். இந்த வயசுல சேலையச் சொருகிக்கிட்டு சைக்கிள்ல வர்றாளே, எப்படிப்பட்ட பொம்பளையோன்னு இருக்கும்ல.

விசேஷம் ஒண்ணும் இல்லம்மா. நம்ம புதுக்கோட்டையில எழுத்துச் சொல்லிக்குடுக்க அறிவொளி இயக்கம் வந்தப்ப பொம்பளைங்கல்லாம் சைக்கிள் கத்துக்கிட்டோம்ல, அப்பக் கத்துக்கிட்டது. என்கூடக் கத்துக்கிட்டவளுக எல்லாம் பின்னாடி ஸ்கூட்டிக்குப் போயிட்டாளுக. நான் போகல. எனக்கு இது போதும்னு இருந்துட்டேன்.

பேரு இந்திராணி. வேலைக்குப் போற பொண்ணுங்க தங்குற ஹாஸ்டல் ஒண்ணு இருக்குல்ல, கீழ ராஜ வீதியத் தாண்டி, அங்க சமையல். விடியறதுக்கு முன்னாடி போனா மத்தியானம் வந்துருவேன். சாயந்தரம் ஒரு நடை. வீட்டுக்காரர் தவறிட்டாரு. ஒரே மகன், திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். வந்தா தீபாவளிக்கு வருவான். ஆக நான் ஒரு ஆளுதான். தண்ணி அதிகம் செலவழிக்க மாட்டேன். டிவி கிடையாது.

வைரவன் சார் வீட்டுக்குப் பின்பக்கத்து ரூம்லதான் இத்தனை வருசமா இருந்தேன். சார் கரண்ட் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. அந்தம்மா பேரு தெய்வானை. நல்ல மனுசங்க. அவங்களப் பத்தி ஒரு வார்த்தை நான் குறை சொல்ல மாட்டேன், நீங்க போயி விசாரிச்சாலும் சரி. அந்த வீட்டுல ஒருத்தி மாதிரிதான் என்னைய வச்சிருந்தாங்க. முன்வாசல் வழியா வரக்கூடாதும்பாங்க, அது எல்லா வீட்டுலயும் உள்ளதுதான. சைக்கிள உள்ள ஏத்தக்கூடாது, டைல்ஸ்ல கோடு விழும்னு. மத்தபடி நம்ம இந்திராணி, நம்ம இந்திராணின்னுதான் சொல்லுவாங்க.

இப்ப நான் காலி பண்றது எதுக்குன்னா அவங்க மகளுக்குக் கல்யாணம் வருது, ரூம் வேணும். அவ்வளவுதான் காரணம். ஆனா தெருவுல கேட்டீங்கன்னா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. பெட்ரோல எடுத்துட்டாம்பாங்க. ஒரு மனுசனக் கீழ தள்ளிட்டாம்பாங்க. அதனால நானே சொல்லிடுறேன். உக்காரலாமாம்மா? இல்ல இல்ல, சேர் வேண்டாம், படியே போதும்.

போன கோடையில டேங்கர் லாரிக்காரங்க ஸ்ட்ரைக் நடந்துச்சுல்ல, ஞாபகம் இருக்கா? உங்களுக்கு இல்லாமயா இருக்கும், வாசல்ல ரெண்டு வண்டி நிக்குது. எனக்கு அந்த ஸ்ட்ரைக் ஆரம்பிச்சதே தெரியாது. விடியக்காலம் வேலைக்குப் போறேன், பெட்ரோல் பங்க்குக்கு முன்னாடி கோயில் திருவிழா மாதிரி கூட்டம். வண்டிய உருட்டிக்கிட்டு நிக்கிறாங்க. கார்க்காரங்க கதவத் தொறந்து போட்டுட்டுத் தூங்குறாங்க. என்ன ஏதுன்னு ஒருத்தர்ட்ட கேட்டேன். ஒரு மாசத்துக்கு வராதாம்னாரு. யாரு சொன்னதுன்னேன். போன்ல வந்துச்சுன்னாரு.

பங்க்குல வேலை பாக்குற பொண்ணு ஒண்ணு எங்க ஹாஸ்டல்லதான் தங்கியிருந்துச்சு, கனிமொழின்னு. அது சாப்பிடும்போது சொல்லுச்சு, "அக்கா, இருக்கிற பெட்ரோலு எப்பவும் போல போட்டா இந்த வாரம் முழுக்க வரும்க்கா. எல்லாரும் இன்னிக்கே ரொப்பிக்கிறாங்க. சாயந்தரம் போர்டு மாட்டிருவோம்"ன்னு. சொன்ன மாதிரியே சாயந்தரம் 'ஸ்டாக் இல்லை'ன்னு மாட்டிட்டாங்க. அதப் பாத்ததும் மத்த பங்க்கெல்லாம் இன்னும் கூட்டமாப் போச்சு.

நான் பாட்டுக்கு சைக்கிள மிதிச்சிக்கிட்டுப் போறேன், வர்றேன். ரோடு காலியா இருந்துச்சும்மா. பழனியப்பா முக்குல நிக்காம போனது அந்த ஒரு வாரந்தான். அதுவரைக்கும் என்னைய ஓரமாப் போ, ஓரமாப் போன்னு ஹாரன் அடிச்சவங்கல்லாம் நடந்து போறாங்க. எங்க தெருவுல அதுவரைக்கும் என்னையப் பாத்தா தலையாட்டக்கூட மாட்டாங்க, சிலபேரு. அந்த வாரம் எல்லாரும் பேசுனாங்க. "இந்திராணிக்கென்ன, மகராசி, பெட்ரோலும் வேணாம் டீசலும் வேணாம்"ன்னு. எனக்கும் கொஞ்சம் சந்தோசமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது.

அப்புறம் ஒவ்வொருத்தரா வந்தாங்க. கடைப்பக்கம் போனா பால் வாங்கிட்டு வா. அந்தப் பக்கந்தான போற, மாத்திரை வாங்கிட்டு வா. சரி போற வழிதானன்னு வாங்கிட்டு வந்தேன். அதுக்கப்புறந்தான் இந்த பொம்பளைங்க லைன் வந்துச்சு.

பங்க்குல அடிதடியாயிருச்சுன்னு போலீஸ் வந்து ஆம்பளைக்கு ஒரு லைன், பொம்பளைக்கு ஒரு லைன்னு கயிறு கட்டி விட்டாங்க. ஆம்பளைங்க லைன் ரோட்டத் தாண்டி, பாலத்தத் தாண்டிப் போகுது. பொம்பளைங்க லைன் பங்க்குக்குள்ளயே முடிஞ்சிருது. ஒரு ஆளுக்கு ஒரு கேன். பிளாஸ்டிக் கேன்ல ஊத்த மாட்டோம்னு போர்டு எழுதி வச்சிருந்தாங்க, அந்தப் போர்டுக்குக் கீழ நின்னுதான் ஊத்துனாங்க.

இந்த விசயம் தெருவுக்குத் தெரிஞ்சதும் வைரவன் சார்தான் முதல்ல வந்தாரு. "இந்திராணி, நீ போற வழிதான பங்க்கு?" ன்னாரு. போற வழி இல்ல, அது வேற ரோடு. ஆனா மனுசன் கேக்குறாருல்ல. அவங்க மகளுக்கு நிச்சயதார்த்தம் காரைக்குடியில வச்சிருந்தாங்க. கார் வேணும். பெட்ரோல் இல்லாம போயிட்டா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி என்ன ஆகும்? பொண்ணப் பெத்தவங்க பயம் அது. நான் குறை சொல்லல. சரி சார்னேன்.

போயி லைன்ல நின்னா, அங்க நிக்கிற பொம்பளைங்களப் பாத்தேன். எல்லாம் என்னைய மாதிரி ஆளுங்க. வீட்டு வேலை செய்யிறவ, டாக்டர் வீட்டுல புள்ள பாக்குறவ, கடையில கூட்டிப் பெருக்குறவ. எனக்கு முன்னாடி நின்ன அம்மா கையில கேன் நல்ல புதுசா இருந்துச்சு. "எந்த வண்டிக்கும்மா?"ன்னேன். "யாருக்குத் தெரியும், முதலாளி குடுத்து விட்டாரு"ன்னுச்சு. அந்த லைன்ல வண்டி வச்சிருந்தவ ஒருத்திகூட இல்ல. சிரிச்சிக்கிட்டோம். வெயில்ல நின்னா எதுக்கும் சிரிப்பு வரும்.

மறுநாள் எதிர்வீட்டு டீச்சர் கேட்டாங்க. அதுக்கு மறுநாள் மெடிக்கல் கடைக்காரர் வீட்டம்மா. முடியாதுன்னு சொல்ல வாய் வரல. ஹாஸ்டல்ல மத்தியானச் சாப்பாடு முடிச்சிட்டு நேரா லைன்ல போயி நிப்பேன். கேரியர்ல கேன வச்சுக் கட்டி, மேடு வந்தா இறங்கித் தள்ளிக்கிட்டு வருவேன். பெட்ரோல் கனமா இருக்கும்னு நெனைக்கிறீங்களா? கனமில்ல, ஆனா ஆடும். நாம ஒரு பக்கம் போனா அது ஒரு பக்கம் போகும். கால் ரெண்டும் வீங்கிப் போச்சு. பதினெட்டு வயசுல கத்துக்கிட்ட சைக்கிளு, என்னைக்காவது பெட்ரோல் சுமக்கும்னு நெனச்சேனா?

சார் வீட்டுக் கேன் மட்டும் சேந்துக்கிட்டே போச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு. அப்ப தெய்வானையம்மா சொன்னாங்க, "இந்திராணி, எனக்கு இந்த வாடைக்குத் தலைவலி வருது. பூஜை ரூம்ல வேற எந்நேரமும் விளக்கு எரியுது, ஆபத்து. உன் ரூம்ல ஒரு ஓரமா வச்சுக்க. உனக்குத்தான் சாமான் ஒண்ணும் கிடையாதே"ன்னு. நியாயந்தான. அவங்க வீட்டுல விளக்கு எரியுது. என் ரூம்ல சாமி படம் மட்டுந்தான். கட்டிலுக்கு அடியில தள்ளி வச்சேன். ஒரே ரூம்தாம்மா, அதுக்குள்ளதான் அடுப்பும். அதனால அடுப்பு பத்த வைக்கிறத விட்டுட்டேன். ஹாஸ்டல்லயே சாப்பிட்டுக்குவேன், காப்பி குடிக்கிற பழக்கமும் அதோட போச்சு. படுத்தா வாடை தெரியும். ஜன்னலத் தொறந்து வச்சுக்கிட்டுப் படுத்துக்குவேன். கொசுதான் கொஞ்சம்.

எங்க தெருக் கடைசியில செபஸ்தியான்னு ஒரு அண்ணன். பிரைவேட் பஸ்ல கண்டக்டரா இருந்தவரு. அவரு சம்சாரம் லூர்துமேரியும் நானும் அப்பெல்லாம் அவ்வளவு பழக்கம். பூ வாங்குனாக்கூட ரெண்டு பேரும் சேந்துதான் வாங்குவோம். அண்ணனுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துல ரெண்டு நாள் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில டயாலிசிஸ். அங்க நல்லாப் பாக்குறாங்க. போறதுதான் கஷ்டம், ஊருக்கு வெளியில இருக்குல்ல. அதுக்கு முபாரக் தம்பிதான் ஆட்டோ ஓட்டும், அதே தெருதான். கூட்டிட்டுப் போயி, காத்திருந்து, கூட்டிட்டு வரும்.

அவருக்கு இடது கையில, ஊசி போடுறதுக்குன்னே நரம்ப இழுத்துச் சேத்துத் தச்சிருந்தாங்க. தொட்டுப் பாத்தா உள்ளுக்குள்ள பூனை உறுமுற மாதிரி இருக்கும். "தொட்டுப் பாரு இந்திராணி, எஞ்சின் ஓடுது"ம்பாரு. அந்தக் கையில பாரம் தூக்கக்கூடாது, வாட்ச் கட்டக்கூடாது, அதுலதான் உசுரே இருக்குன்னு டாக்டர் சொல்லியிருந்தாராம்.

முபாரக் தம்பி ஆட்டோவுல பெட்ரோல் தீந்து போச்சு. அதுவும் லைன்ல நின்னு நின்னு பாத்துச்சு. ஆம்பளைங்க லைன்ல அதோட முறை வர்றதுக்குள்ள பெட்ரோல் முடிஞ்சிரும். பஸ்ஸு பாதிதான் ஓடுது, அதுல படியில தொங்குறாங்க. இவரு எங்க ஏறுறது? ஒரு நாள் டயாலிசிஸ் தவறிப் போச்சு. நான் போயிப் பாக்குறேன், மூஞ்சி வீங்கி, கால் வீங்கி, படுக்க முடியல, உக்காந்த வாக்குலயே மூச்சு வாங்குறாரு. ஆம்புலன்ஸக் கூப்பிடலாம்னு லூர்து சொன்னா. அண்ணன் கேக்கல. "அடிபட்டுக் கெடக்குறவனுக்கு வர வேண்டிய வண்டி அது. நான் நடமாடுற ஆளு"ங்கிறாரு.

பொம்பளைங்க லைன்ல நானே நின்னு வாங்கலாம்னா, கேன்ல ஊத்தக்கூடாதுன்னு அதுக்குள்ள போலீஸ் நிறுத்திட்டாங்க. எனக்கு அப்பத்தான் தோணுச்சு, பெட்ரோலுக்கா பஞ்சம்? எந்த வீட்டுல எவ்வளவு இருக்குன்னு என்னையத் தவிர யாருக்குத் தெரியும்? நேரா டீச்சர் வீட்டுக்குப் போனேன். "டீச்சர், செபஸ்தியான் அண்ணனுக்கு, ஆட்டோவுக்கு, ஒரு லிட்டர் போதும்"னேன். டீச்சர் என் மூஞ்சியப் பாத்துச் சொல்றாங்க, "எங்ககிட்ட ஏது இந்திராணி பெட்ரோலு?"ன்னு. நான் கொண்டாந்து குடுத்தது, ரெண்டு நாள்தான் ஆச்சு. கேன் இறக்குன இடத்துல என் சேலை கிழிஞ்சுது, அந்தக் கிழிசல்கூட இருக்கு. என்கிட்டயே இல்லைங்குறாங்க. நானும் "சரிங்க டீச்சர்"ன்னு வந்துட்டேன். மெடிக்கல் கடைக்காரர் வீட்டுலயும் அதே. "இருந்தா குடுக்க மாட்டோமா?"

வைரவன் சார் அப்படிச் சொல்லல. அதுல அவரு ஒசத்திதான். இல்லைங்கவே இல்ல. உக்கார வச்சுப் பேசுனாரு. இல்ல, நான் நின்னேன், அவரு உக்காந்து பேசுனாரு. "தர மாட்டேன்னு நான் சொல்லல. இன்னிக்கு அவருக்குக் குடுத்தா, நாளைக்குத் தெருவே வாசல்ல வந்து நிக்கும். நம்மகிட்ட இருக்கிறது தெரியக்கூடாதுன்னுதான உன் ரூம்ல வச்சிருக்கோம்"னாரு. நான் தலைவலின்னு நெனச்சிட்டு இருந்தேன். சரி, அதுவும் ஒரு காரணம் போல. "நிச்சயம் முடியட்டும், மிச்சம் இருந்தா பாக்கலாம்"னாரு. ஞாயந்தான், அவங்க கஷ்டம் அவங்களுக்கு.

அதனால மறுநாள் நான் ஹாஸ்டலுக்கு லீவு சொல்லிட்டு, அண்ணன சைக்கிள்ல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனேன்.

லூர்து கேரியர்ல தலையணையக் கட்டிக் குடுத்தா. அண்ணன் ரெண்டு பக்கமும் காலப் போட்டு உக்காந்தாரு, வலது கையால சீட்டப் புடிச்சிக்கிட்டாரு. "ஸ்டாண்டிங் எல்லாம் உள்ள போ, ரைட்"ன்னு குரல் குடுத்தாரு, லூர்து அழுகுறத நிறுத்துறதுக்காக. நான் மிதிக்கிறேன், லூர்து பின்னாடியே நடந்து வர்றா. பாதித் தூரம் வரைக்கும் வந்தா, அப்புறம் அவளால முடியல. நீ போடி, நான் வந்து சேர்றேன்னா. மேட்டுல இறங்கித் தள்ளுனேன். வீங்குன மனுசன் என்ன கனம் கனக்குறாரு. வழியில ஒரு பங்க்கு. கார் எல்லாம் வரிசையா நிக்குது, ஏசியப் போட்டுக்கிட்டு. இருக்கிற பெட்ரோலையும் நின்ன இடத்துல எரிக்கிறாங்களேன்னு அண்ணன் சொன்னாரு. அதுக்கும் மூச்சு வாங்குச்சு, பேசாம வாங்கண்ணேன்னேன்.

நல்லபடியாக் கொண்டு போயிச் சேத்துட்டேன். டயாலிசிஸ் முடிஞ்சுது. முடிஞ்சா ஒரு மாதிரி கிறுகிறுன்னு வருமாம், கொஞ்ச நேரம் படுத்துட்டுத்தான் கிளம்பணும். படுத்தாரு. நர்ஸம்மா எதுல போறீங்கன்னு கேட்டுச்சு. ஆட்டோன்னு சொல்லிட்டாரு. அதுக்குள்ள லூர்தும் வந்து சேந்துட்டா, திரும்பும்போதும் சைக்கிளுக்குப் பின்னாடியே நடந்து வந்தா.

ரயில்வே கேட் தாண்டி வரும்போது, முதுகுல அவரு தலை வந்து சாஞ்சுது. தூங்குறாரு போலன்னு நெனச்சேன். அண்ணேன்னேன். சத்தமில்ல. ஒரு கால ஊனுனேன், சைக்கிள நிறுத்தத்தான் பாத்தேன், அதுக்குள்ள அவரு ஒரு பக்கமாச் சரிஞ்சிட்டாரு. புடிக்கப் பாத்தேம்மா. கை எட்டல. இடது பக்கம்தான் விழுந்தாரு. அந்தக் கை மேலயே விழுந்தாரு. சைக்கிளும் அவரு மேல, நானும் அவரு மேல.

டீக்கடையில இருந்தவங்களும் பின்னாடி வந்த லூர்தும் ஓடி வந்து தூக்குனாங்க. தண்ணி தெளிச்சதும் கண்ணு முழிச்சிட்டாரு. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல"ங்கிறாரு. மீதித் தூரம் நடக்க வச்சு, நிழல்ல உக்கார வச்சு, சாயந்தரம் வீடு வந்து சேந்தோம். கை கொஞ்சம் வீக்கமா இருந்துச்சு. மறுநாள் காலையில லூர்து ஓடி வர்றா. "இந்திராணி, தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு"ங்கிறா. போயித் தொட்டுப் பாத்தேன். கை சில்லுன்னு இருக்கு. அந்த உறுமல் இல்ல. அழுத்திப் பாத்தேன், மேல பாத்தேன், கீழ பாத்தேன். இல்ல.

"நீ ஏன்டி அவர சைக்கிள்ல ஏத்துன?"ன்னா லூர்து. அவதான் தலையணையக் கட்டிக் குடுத்தா. ஆனா அந்த நேரத்துல எவ அதெல்லாம் நெனைப்பா?

இந்தத் தடவ ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம். பைபாஸ்ல ஒரு பஸ்ஸு கவுந்து எல்லா வண்டியும் அங்க போயிருக்கு, வர்றோம் ஆனா நேரமாகும்னாங்க. அண்ணனுக்கு மூஞ்சி வெளுத்துக்கிட்டே போகுது, மறுபடி மூச்சு வாங்குது. முபாரக் தம்பி ஆட்டோவ வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்திட்டு, பெட்ரோல் மூடியத் தொறந்து தொறந்து பாக்குது. தொறந்து பாத்தா ஊறுமா?

நான் வீட்டுக்குப் போனேன். கட்டிலுக்கு அடியில இருந்து ஒரு கேன இழுத்தேன். திருட்டுத்தனமா எடுக்கல, அத நீங்க நல்லாக் கேட்டுக்கணும். பட்டப்பகல். பின்பக்கச் சந்து வழியா வந்திருக்கலாம், வரல. அன்னிக்குத்தான் முதல்முதலா முன்வாசல் வழியா வந்தேன். கேனத் தூக்கிட்டு சந்துல திரும்ப முடியாது, அதனாலதான், வேற ஒண்ணுமில்ல. தெய்வானையம்மா கோலம் போட்டுட்டு நின்னாங்க. "இந்திராணி, எங்க தூக்கிட்டுப் போற? அது நம்மளோடது"ன்னாங்க. "ஆமாம்மா, நம்மளோடதுதான். அதான் எடுத்துட்டுப் போறேன்"னேன். நான் எதுத்துப் பேசணும்னு சொல்லல. அவங்க சொன்னதத்தான் திருப்பிச் சொன்னேன்.

தெருவுல எல்லாரும் வாசல்ல நிக்கிறாங்க. டீச்சர் நிக்கிறாங்க, மெடிக்கல் கடைக்காரர் நிக்கிறாரு. நடுத்தெருவுல வச்சு ஆட்டோவுல ஊத்துனேன். கொஞ்சம் சிந்திருச்சு. அண்ணன ஏத்துனோம், லூர்து ஏறுனா. நானும் ஏறப் போனேன். லூர்து ஏறுற பக்கம் கையக் குறுக்க வச்சுக்கிட்டா. "நீ வேண்டாம்"னா. ஆட்டோ போயிருச்சு.

ஆஸ்பத்திரியில உடனே கழுத்துல குழாய் போட்டு டயாலிசிஸ் பண்ணிட்டாங்க. அந்தக் கை போனது போனதுதான். இப்ப வலது கையில ஆபரேசன் பண்ணியிருக்காங்க. அண்ணன் நல்லா இருக்காரு. ஆட்டோவுல போகும்போது என்னையப் பாத்தா "ரைட் ரைட்"டுன்னு கத்துவாரு. லூர்து தலையத் திருப்பிக்குவா. அவளுக்கு என் மேல கோவம். இருக்கட்டும். பெட்ரோல் இல்லைன்ன டீச்சரோட நல்லாத்தான் பேசுறா, வாசல்ல நின்னு சிரிச்சுப் பேசுறா. ஏன்னா டீச்சர் அவரக் கீழ போடலைல்ல.

நான் ஆட்டோவுல ஊத்துன அன்னிக்கு சாயந்தரம் பாக்கணும் நீங்க. வைரவன் சார் வீட்டு வாசல்ல ஒரே கூட்டம். "சார், உங்ககிட்ட பெட்ரோல் இருக்காமே, ஒரு லிட்டர்." யார் யாருன்னு பாத்தா, டீச்சர் வீட்டுக்காரரு நிக்கிறாரு. மெடிக்கல் கடைக்காரரு நிக்கிறாரு. அவங்க வீட்டுல இருக்கிறது எனக்குத் தெரியும்னு அவங்களுக்கும் தெரியும். இருந்தாலும் நிக்கிறாங்க. சாரு பாவம், மூஞ்சி செத்துப் போச்சு. கதவச் சாத்திக்கிட்டாங்க.

அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு ஸ்ட்ரைக் முடிஞ்சிருச்சு. கனிமொழிப் பொண்ணு சொல்லுச்சு, "அக்கா, இப்ப போடுறதுக்கு ஆளே வரலக்கா, எல்லார் வீட்டுலயும் இருக்கு"ன்னு. நிச்சயதார்த்தம் நல்லபடியா நடந்துச்சு. பங்க்குல நேராப் போட்டுக்கிட்டுத்தான் போனாங்க. அந்த ரெண்டு கேன் என் கட்டிலுக்கு அடியிலதான் கெடந்துச்சு. சாரு எங்கிட்ட சண்டை போடல. பேசுறதத்தான் குறைச்சுக்கிட்டாரு. "வீட்டுக்குத் தீ வச்சிருப்பாளே"ன்னு அந்தம்மா யார்ட்டயோ போன்ல சொன்னது காதுல விழுந்துச்சு. நடுத்தெருவுல ஊத்துனதச் சொல்றாங்க போல.

ஸ்ட்ரைக் முடிஞ்சும் அந்தக் கேன யாரும் எடுக்கல. ஆடி போச்சு, ஆவணி வந்துச்சு. நான் அடுப்பு பத்த வைக்காமயே இருந்தேன். ஒரு நாள் காய்ச்சல். ஹாஸ்டலுக்குப் போக முடியல. ஒரு டம்ளர் வெந்நீர் வச்சுக் குடிக்கலாம்னு எந்திரிச்சேன். தீப்பெட்டியக் கையில எடுத்தேன். அப்படியே கட்டில்ல உக்காந்துட்டேன். ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். எதுக்கு அழுகை வந்துச்சுன்னு தெரியல, காய்ச்சல்ல வரும்ல. காய்ச்சல் விட்டதும் போயி தெய்வானையம்மாகிட்ட சொன்னேன், "அம்மா, அந்தக் கேன எடுத்துக்கிட்டா நல்லாருக்கும்"னு. அவ்வளவுதான் சொன்னேன். "இடம் யாரோடது இந்திராணி?"ன்னாங்க. உங்களோடதுதாம்மான்னேன்.

அதுக்கு மறுவாரந்தான் சாரு கூப்பிட்டு, மகள் கல்யாணம் வருது, சொந்தக்காரங்க தங்குறதுக்கு ரூம் வேணும்னாரு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. கல்யாணம்னா ரூம் வேணுந்தான. நான்தான் கொஞ்சம் தள்ளிப் பாக்கலாமான்னு கேட்டேன், கல்யாணம் தையிலதான்னு பேசிக்கிட்டாங்க. இல்ல, இப்பவே வேணும்னுட்டாரு. அவங்க வீடு.

இதாம்மா நடந்தது. ஒண்ணும் ஒளிக்கல. நீங்க யோசிக்கிறது தெரியுது. யோசிங்க.

ரூமப் பாத்தேன், நல்லாருக்கு. ஜன்னல் கிழக்காப் பாத்து இருக்கு. தண்ணிக்குழா பக்கத்துலயே இருக்கு. சைக்கிள வெளியில விடச் சொன்னாலும் சரி, சங்கிலி போட்டுக்குவேன். விருந்தாளி யாரும் வர மாட்டாங்க. முன்வாசலா, பின்வாசலா, எது சொன்னாலும் சரி.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கலாமா? அந்தப் பரண்ல ஒரு மூட்டையும் ரெண்டு பெட்டியும் இருக்கே, அது என்னதும்மா? பழைய துணியா. உங்க மகன் புஸ்தகமா. ஆபத்து ஒண்ணும் இல்லைதான். துணி என்ன செய்யும், புஸ்தகம் என்ன செய்யும். ஆனா அத நீங்க எடுத்துக்கணும்மா. அது ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்னு சொல்லாதீங்க. நான் குடியிருக்கிற ரூம்ல உங்க சாமான் எதுவும் இருக்கக்கூடாது.

உங்க வீட்டுக்காரரக் கேட்டுத்தான் சொல்லணுமா? கேளுங்க, கேளுங்க, கேட்டுட்டே சொல்லுங்க. கோவிச்சுக்காதீங்கம்மா, இத்தனை பேசுனதுக்கு. நான் கிளம்புறேன். நிஜாம் காலனிப் பக்கம் இன்னும் ஒரு வீடு சொல்லியிருக்காங்க, வெயில் ஏறுறதுக்குள்ள அதையும் பாத்துட்டு வந்துர்றேன்.